மெலிவிக்கும் ஊசி: எத்தனை நாளிற் பலன் தெரியும்?

உடல் மெலிய வேண்டும் என்னும் ஆசை புதியதன்று. தேனும் எலுமிச்சஞ்சாறும், கொள்ளுக் கஞ்சியும், பட்டினியும் என்று ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு வழியைத் தேடியே வந்திருக்கின்றது. இன்றைய தலைமுறை கண்டிருக்கும் வழி, வாரத்திற்கு ஒருமுறை இட்டுக்கொள்ளும் ஊசி. கலியாண வீட்டுப் பந்தியிலும், கந்தோரின் தேநீர் வேளையிலும், பேருந்துப் பயணத்திலும் அதனைப் பற்றிய பேச்சைக் கேட்கின்றோம். பேசுவோர் பலராயினும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை நாளில் மெலியலாம்?"

கேள்வி எளியது. ஆனால் அதனுள் இருக்கும் அவசரம் எளியதன்று. முதல் மாதத்திலே தராசின் முள் பெரிதாக அசையவில்லை என்று கண்டு, பெரும் பணம் கொடுத்து வாங்கிய மருந்தை மூலையிற் போட்டுவிடுவோர் உளர். சிறிய அளவு போதாது என்று தாமாகவே அளவைக் கூட்டி, வாந்தியால் வாடி ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடப்போர் உளர். மெலிந்தாயிற்று, இனி எதற்கு என்று திடீரென நிறுத்திவிட்டு, ஓராண்டிற்குள் பழைய சட்டையையே மீண்டும் தேடுவோரும் உளர். மூவருக்கும் நேர்ந்த குறை ஒன்றே. மருந்தின் வேகம் எத்தகையது என்பதை அவர்களுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனையே இவ்வாரம் ஆராய்வோம்.

பல்லி காட்டிய வழி

நாம் உணவு உண்டதும் நமது குடலில் ஓர் ஓமோன் சுரக்கின்றது. ஜீ.எல்.பி. 1 என்பது அதன் சுருக்கப் பெயர். குருதியில் வெல்லம் ஏறியிருக்கும்போது இன்சுலினைச் சுரக்குமாறு சதையியைத் தூண்டுவது அதன் முதற் பணி. இரைப்பையிலுள்ள உணவு விரைந்து வெளியேறாதவாறு தாமதிக்கச் செய்வது இரண்டாம் பணி. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்ற செய்தியை மூளைக்கு எட்டவைப்பது மூன்றாம் பணி. இத்துணை நல்ல பணியாளன் குருதியில் வாழ்வதோ இரண்டொரு நிமிடங்களே. உடனே சிதைந்துவிடும் பொருளை மருந்தாக்குவது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடை ஒரு நச்சுப் பல்லியிடம் இருந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் வாழும் ஹீலா என்னும் அப்பல்லியின் நஞ்சில், ஜீ.எல்.பி. 1 போலவே தொழிற்பட்டு அதனினும் நெடுநேரம் நிலைக்கும் பொருள் ஒன்று உண்டு என்பதை, நியூயோர்க் நகரில் முன்னாள் படைவீரர்க்கான ஆஸ்பத்திரியிற் பணிபுரிந்த வைத்தியர் ஜோன் எங் 1992ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் வழியாகப் பிறந்த எக்ஸெனடைட் என்னும் ஊசிமருந்து 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அனுமதிக்கப்பட்டது. அதனை நாளொன்றுக்கு இருமுறை இட வேண்டியிருந்தது.

டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியேர் நூட்சன் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் வேறொரு வழியை நாடினர். மனித ஓமோனையே சற்று மாற்றி, அதனுடன் ஒரு கொழுப்பமிலத்தைப் பிணைத்தனர். அவ்வாறு பிணைத்த பொருள் குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் உலவும். நாளுக்கு ஒருமுறை இடும் லிராகுளுடைட் முதலில் வந்தது; வாரத்திற்கு ஒருமுறை இடும் செமாகுளுடைட் பின்னர் வந்தது. செமாகுளுடைட் 2017ஆம் ஆண்டில் ஒஸெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்கும், 2021ஆம் ஆண்டில் வெகோவி என்ற பெயரில் உடற்பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்நாட்டின் லில்லி நிறுவனம் இரண்டு ஓமோன்களின் தொழிலை ஒருங்கே செய்யும் டிர்செபடைட் என்னும் மருந்தை ஆக்கியது. அது 2022ஆம் ஆண்டில் நீரிழிவுக்கும் 2023ஆம் ஆண்டில் உடற்பருமனுக்கும் அனுமதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. இவை கொழுப்பை உருக்கும் ஊசிகள் அல்ல. பசியை அடக்கும் ஊசிகள். உண்பது குறைவதால், உடல் தான் சேமித்து வைத்த கொழுப்பைத் தானே எடுத்துச் செலவிடுகின்றது. அச்செலவு மெல்ல மெல்லவே நடைபெறும். பசி அடங்கும் வேகம் வேறு. நிறை குறையும் வேகம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே ஏமாற்றத்தின் பிறப்பிடம்.

சிறிய அளவிலே தொடங்குவது ஏன்?

வெகோவி மருந்தின் முழு அளவு வாரத்திற்கு 2.4 மில்லிகிராம். ஆயினும் எவருக்கும் முதல் நாளிலே அவ்வளவு கொடுப்பதில்லை. முதல் நான்கு வாரங்களுக்கு 0.25 மில்லிகிராம், அடுத்த நான்கு வாரங்களுக்கு 0.5, பின்னர் 1, அதன்பின் 1.7, பதினேழாம் வாரத்தில் 2.4. முழு அளவை எட்டுவதற்கே நான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் மாதத்து 0.25 மில்லிகிராம் முழு அளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அது நிறையைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படுவதன்று. வயிற்றைப் பழக்குவதற்காகக் கொடுக்கப்படுவது. ஆகவே முதல் மாதத்திலே பலன் இல்லை என்று மருந்தைப் பழிப்பது, உலை கொதிக்குமுன் சோறு வேகவில்லை என்று அடுப்பைப் பழிப்பது போலாகும்.

மாணவ நேயர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உடலிற் செலுத்திய செமாகுளுடைட்டிற் பாதி கழிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். முதல் வாரம் ஒரு பங்கு இடுகின்றோம் என்று கொள்வோம். இரண்டாம் ஊசியின்போது முன்னதில் அரைப்பங்கு எஞ்சியிருக்கும். ஆகவே உடலில் ஒன்றரைப் பங்கு. மூன்றாம் ஊசியின்போது ஒன்றேமுக்கால். ஐந்தாம் ஊசியின்போது ஏறக்குறைய இரண்டு. அதன்பின் வாரந்தோறும் இடுவதும் கழிவதும் சமமாகிவிடும். ஓர் அளவின் முழுத் தன்மையை உடல் உணர்வதற்கு நான்கைந்து வாரங்கள் வேண்டும் என்பது இதனால் விளங்கும். இரண்டாம் வாரத்திலே "இது போதவில்லை" என்று அளவைக் கூட்டுபவர், இன்னும் முழுமையாக வந்து சேராத மருந்தின்மீது மேலும் மருந்தை ஏற்றுகின்றார். கூட்டியதன் துன்பத்தையும் ஒரே நாளிற் கழற்றிவிட முடியாது. கடைசி ஊசியின் பின்னரும் மருந்து உடலைவிட்டு நீங்க ஐந்து வாரங்களுக்கு மேலாகும்.

மாதங்கள் சொல்லும் கணக்கு

இனி எதிர்பார்க்கத் தக்கது யாது என்பதைப் பார்ப்போம். செமாகுளுடைட்டை உடற்பருமனுக்கெனச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவு இல்லாத 1961 பேர் அதிற் பங்குகொண்டனர். 68 வாரங்களின் முடிவில், மருந்து பெற்றோர் தம் நிறையிற் சராசரியாக 14.9 வீதத்தை இழந்தனர். வெற்றூசி பெற்றோர் இழந்தது 2.4 வீதம். இரு சாராருக்கும் உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் ஆலோசனை வழங்கப்பட்டது.

வீதக் கணக்கை வீட்டுக் கணக்காக மாற்றுவோம். 160 சென்ரிமீற்றர் உயரமும் 80 கிலோ நிறையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆய்விற் கண்ட சராசரியே அவருக்கும் வாய்த்தால், முதல் மாத முடிவில் ஒன்றரைக் கிலோ அளவில் குறைந்திருப்பார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ அளவில்; ஆறு மாதத்தில் எட்டு ஒன்பது கிலோ. ஓராண்டைக் கடந்தபின் பன்னிரண்டு கிலோ அளவில் வந்து நிற்பார். அதன்பின் தராசு அசைவது அரிது. அது மருந்து தோற்றதன் அடையாளமன்று. உண்பதும் செலவிடுவதும் புதியதொரு நிலையிற் சமமாகிவிட்டதன் அடையாளம்.

அப்போது அவர் நிறை 68 கிலோ. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. தொடக்கத்தில் அது 31. இப்போது 26 அல்லது 27. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே நோய்க்கு இடம் கூடத் தொடங்குகின்றது என்று உலக சுகாதார நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிற் சுட்டிக்காட்டியது. ஆகவே அவர் படத்திற் காணும் நடிகரைப் போல ஒல்லியாகிவிடவில்லை. ஆயினும் படியேறும்போது இளைப்பது குறையலாம். முழங்கால் நோவு தணியலாம். குருதி அழுத்தமும் இறங்கலாம். பலனை அளப்பதற்குத் தராசு மட்டுமே கருவியன்று. இருதய நோயும் மிகைநிறையும் உடைய, ஆனால் நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பாரிசவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை இம்மருந்தால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

டிர்செபடைட்டின் வலிமை இன்னும் மிகுதி. 72 வாரங்களில் அளவுக்கேற்ப 15 முதல் 21 வீதம் வரை நிறை குறைந்ததாக 2022ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. அங்கும் தொடக்கம் 2.5 மில்லிகிராம்; மேலே செல்வது நான்கு வாரத்திற்கு ஒரு படியே. அவசரத்திற்கு அங்கும் இடமில்லை.

ஒருவர் கணக்கு மற்றவர்க்கு ஆகாது

சராசரி என்பது நடுவிலுள்ள ஒரு புள்ளி. மேற்சொன்ன 2021ஆம் ஆண்டின் ஆய்விலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் 20 வீதத்திற்கு மேல் இழந்தனர். ஏழில் ஒருவரோ 5 வீதத்தைக்கூட எட்டவில்லை. அவர்கள் சோம்பேறிகளும் அல்லர். வாயைக் கட்டாதவர்களும் அல்லர். உடல்கள் வெவ்வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்திற் பத்துக் கிலோ இழந்தார் என்பதற்காக நம் வீட்டவரைக் குறை சொல்லலாகாது.

நம்மிடையே நீரிழிவு மலிந்திருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரிழிவு உடையோர்க்கு நிறை குறைவது பொதுவாகச் சற்றுக் குறைவே. அவர்களிடம் தனியே நடத்திய ஆய்வில் 68 வாரத்திற் கிடைத்தது 9.6 வீதம். ஆனால் குருதி வெல்லம் இறங்குவதை அவர்கள் முதற் சில வாரங்களிலேயே காணலாம். இன்சுலினோ, சதையியைத் தூண்டும் சில மாத்திரைகளோ ஏற்கெனவே எடுப்பவருக்கு வெல்லம் அளவுமீறி இறங்கி மயக்கம் வரக்கூடும். ஆதலின் அம்மருந்துகளின் அளவை வைத்தியர் முன்னரே திருத்த வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர் கண் வைத்தியரையும் காண்பது நன்று.

வயிற்றின் முறைப்பாடு

பலன் மெல்ல வரும். தொல்லையோ முன்னே வரும். இதனை அறியாதவரே பெரிதும் கலங்குவர். மேற்கண்ட ஆய்விற் பத்தில் நான்கு பேருக்கு மேல் குமட்டல் உண்டாயிற்று. வயிற்றோட்டம், வாந்தி, மலச்சிக்கல் ஆகியனவும் பலருக்கு ஏற்பட்டன. பெரும்பாலும் இவை அளவு கூடும் வாரங்களிலே தலைகாட்டிப் பின்னர் தணிவன. சிறிது சிறிதாக உண்பது, பொரித்ததையும் கொழுப்பு மிக்கதையும் ஒதுக்குவது, வயிறு நிறைந்ததும் கையைக் கழுவிவிடுவது, தண்ணீரை மறவாமற் குடிப்பது ஆகிய நான்கும் துணைசெய்யும். தொல்லை தணியவில்லையேல் அளவைக் கூட்டாமல் அதே படியில் இன்னும் சில வாரம் நிற்குமாறு வைத்தியர் சொல்லுவார். அது தோல்வியன்று. மலையேறுவோன் இளைப்பாறுவதைத் தோல்வி என்று எவரும் சொல்வதில்லையே!

ஆனால் சிலவற்றைப் பொறுத்திருக்கலாகாது. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி சதையி அழற்சியின் அறிகுறியாகலாம். வலப்பக்க வலியும் காய்ச்சலும் கண் மஞ்சளாவதும் பித்தப்பைக் கல்லைக் குறிக்கலாம். விரைந்து மெலிவோர்க்கு அக்கல் தோன்றுவது உண்டு. தண்ணீரும் தங்காத வாந்தி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றைக் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மெடுலரி எனப்படும் தைரொயிட் புற்றுநோய் தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ இருந்திருப்பின் இம்மருந்து ஆகாது. கருவுற்ற தாய்மார்க்கும் ஆகாது. தாய்மையை விரும்புவோர் செமாகுளுடைட்டை இரண்டு மாதம் முன்னரே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் தொடங்கும் வேளையிலும் அதன் அளவு கூடும் வேளையிலும் கருத்தடை மாத்திரையின் வலு குறையக்கூடும் என்பதையும் பெண்கள் அறிந்திருத்தல் வேண்டும். சத்திரசிகிச்சைக்குச் செல்வோர் இவ்வூசியைப் பற்றி மயக்கமருந்து வைத்தியரிடம் மறைக்காமற் சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு எஞ்சியிருக்கக் கூடும்.

அடுக்களையின் பங்கு

பசி குறைந்தவருக்கு எதைக் கொடுப்பது என்பது குடும்பத்தின் கவலை. இழந்த நிறை முழுவதும் கொழுப்பன்று. ஆய்விற் சிலரின் உடலை அளந்து பார்த்தபோது, குறைந்த நிறையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதியாக இருந்தது. முதியோர்க்கு இது சிறிய செய்தியன்று. தசை தளர்ந்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் விழுகை வரும்.

ஆகவே சிறிதளவே உண்ண முடியும் என்ற நிலையில், அச்சிறிதளவு சத்துள்ளதாக இருக்க வேண்டும். தட்டை நிறைப்பது பாணும் சோறும் ஆகாமல், மீனும் முட்டையும் பருப்பும் பயறும் கடலையும் முன்னிடம் பெறட்டும். கீரையும் காய்கறியும் துணை நிற்கட்டும். இரண்டு நீற்றுப்பெட்டிப் புட்டு உண்டவர் இப்போது அரைப் பெட்டியோடு எழுந்தால் அதனை அன்புக் குறைவாகக் கொள்ளாதீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியை நீட்டுவது நமது விருந்தோம்பல். இவரிடத்தில் அது குமட்டலில் முடியும். நடையோடு, நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, பாரம் தூக்குவது முதலிய தசைப் பயிற்சிகளையும் நாள்தோறும் செய்யத் தூண்டுங்கள்.

நிறுத்தினால் என்ன நேரும்?

விரைவைப் பற்றிக் கேட்போர் இதனைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியதோ இதுவே. 20 வாரம் செமாகுளுடைட் பெற்றுச் சராசரியாக 10.6 வீதம் மெலிந்தோரை ஓர் ஆய்வில் இரு பிரிவாக்கினர். மருந்தைத் தொடர்ந்தோர் அடுத்த 48 வாரங்களில் மேலும் 7.9 வீதம் குறைந்தனர். வெற்றூசிக்கு மாற்றப்பட்டோர் 6.9 வீதம் கூடினர். வேறோர் ஆய்வில், 68 வாரம் இட்டு நிறுத்தியவர்கள் ஓராண்டிற்குள் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றனர்.

இது மனத்திண்மை அற்றவர்களின் கதையன்று. ஊசி பசியை அடக்குகின்றதேயன்றி அகற்றவில்லை. காவல் நீங்கியதும் பசி திரும்புகின்றது. குருதி அழுத்தத்திற்கு மாத்திரை எடுப்பவர் அதனை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போன்றதே இதுவும். எனவே தொடங்குமுன் குடும்பத்தார் கூடிப் பேச வேண்டியது, மூன்று மாதச் செலவைப் பற்றியன்று. ஆண்டுக்கணக்கான செலவைப் பற்றி. பிள்ளையின் படிப்புப் பணத்தை எடுத்து ஆறு மாதம் மெலிந்து, ஏழாம் மாதம் நிறுத்துவதாயின் தொடங்காதிருப்பதே மேல். இரண்டு மூன்று வாரம் ஊசி தவறியவரும் பழைய பெரிய அளவிலே மீண்டும் இறங்காமல் வைத்தியரைக் கேட்டே தொடர வேண்டும்.

அவசரக்காரரைத் தேடிப் போலி மருந்தும் வரும். போலி ஒஸெம்பிக் சில நாடுகளிற் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எச்சரித்தது. மலிவு என்று தெரியாதவர் கையால் வாங்கலாகாது. உண்மையான மருந்தும் குளிர்ப்பெட்டியிற் பேணப்பட்டு வராவிடிற் பயனற்றுப் போகக்கூடும்.

இளையோர்க்கு ஒரு சொல். கல்லூரி விழாவுக்குள் இடை சிறுக்க வேண்டும் என்பதற்காக ஆக்கப்பட்ட மருந்தன்று இது. நிறையால் நோயுறுவோருக்கென, வைத்தியரின் கண்காணிப்பில், நெடுங்காலம் எடுப்பதற்காக ஆக்கப்பட்டது. சரியான நிறை உள்ள பிள்ளை கண்ணாடியைப் பார்த்துக் கலங்கினால், வேண்டியது ஊசியன்று. வீட்டாரின் ஆதரவான வார்த்தை.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். எத்தனை நாளிற் பலன் தெரியும் என்று கேட்போருக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே: பசி சில வாரங்களில் அடங்கத் தொடங்கும், நிறை மாதக் கணக்கிற் குறையும், குறைந்தது நிலைப்பதோ ஆண்டுக் கணக்கான முயற்சியால். இம்மூன்றையும் அறிந்து, வைத்தியரோடும் வீட்டாரோடும் கலந்து பேசிய பின்னர் எடுக்கும் முடிவு எதுவாயினும் அது நல்ல முடிவாகவே இருக்கும்.